அடிமறியும் நிரல்நிறையும்

நன்னூலார் கூறும் பொருள்கோள் எட்டனுள் இரண்டு, இணையப் பக்கம் ஆக்குவோருக்கும் பயன்படக்கூடியவை. அடிகளை எங்ஙனம் மாற்றி வைத்தாலும் பொருள் கெடாதிருப்பது அடிமறிமாற்று. சொற்களை நிரலாக நிறுத்தி, அந்நிரலைக் கொண்டே எதற்கு எது என்று அறியச் செய்வது நிரல்நிறை. எச்.டி.எம்.எல். பண்புகளின் மதிப்புகளை வரிசைப்படுத்தும் செருகுநிரல் ஒன்றை நிறுவியபோது இவ்விரண்டும் எங்களுக்குத் துணைநின்றன.

நண்பர்கள் சிலர் சேர்ந்து பழைய நூல்களை இணையப் பக்கங்களாக்கி வருகிறோம். ஒருவர் ஓர் உறுப்புக்கு 'பாடல் நடு பெரிது' என்று கிளாஸ் பெயர்களை இடுவார்; மற்றவர் 'பெரிது பாடல் நடு' என்பார். உலாவிக்கு இரண்டும் ஒன்றே. எச்.டி.எம்.எல். நெறியும் கிளாஸ் மதிப்பை வரிசையற்ற தொகுதி என்றே கொள்கிறது. ஆனால் இரு பதிப்புகளை ஒப்பிடும் கிட் மென்பொருளுக்கு அவை வேறு வேறு. பாடவேறுபாடு இல்லாத இடத்தில் வேறுபாடு காட்டினால், உண்மையான பிழைதிருத்தம் அக்கூட்டத்தில் மறைந்துவிடும்.

துணியில் ஒட்டும் பஞ்சுத் துணுக்குக்கு ஆங்கிலத்தில் லின்ட் என்று பெயர். 1978-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன், சி மொழி நிரல்களில் அத்தகைய துணுக்குகளைப் பொறுக்கும் கருவிக்கு அப்பெயரை இட்டார். 2013-இல் நிக்கலஸ் சக்காஸ் தொடங்கிய ஈ.எஸ்.லின்ட் அவ்வழி வந்தது, ஜாவாஸ்கிரிப்டுக்கென எழுந்தது. எச்.டி.எம்.எல்.-ஐப் படிக்க அதனுடன் தனிச் செருகுநிரலை இணைக்க வேண்டும். அமைப்புக் கோப்பில் செருகுநிரலைப் பெயர் சொல்லி அழைத்து, விதிக்கு ஓர் எண் கொடுத்தால் போதும்: 0 என்றால் விதி உறங்கும், 1 என்றால் எச்சரிக்கும், 2 என்றால் பிழை என்று தடுக்கும். திருத்தும் கட்டளையையும் சேர்த்தால் தானே வரிசைப்படுத்திவிடும்.

தமிழ்ப் பெயர்களுக்கு ஒரு கூடுதல் கவனம் தேவை. ஜாவாஸ்கிரிப்ட் இயல்பாக எழுத்தின் குறியெண்ணைப் பார்த்தே அடுக்கும். யுனிகோடில் னகரம் நகரத்துக்கு அடுத்து நிற்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். மொழிக்கேற்ற ஒப்பீட்டைக் கேட்டுப் பெற்றால் நெடுங்கணக்கு வரிசை கிட்டும்.

இதுவரை சொன்னவை அடிமறி. எல்லாப் பண்புகளும் அவ்வாறல்ல என்பதே இங்கு முதன்மையானது. ஸ்டைல் பண்பில் ஒன்றையே இருமுறை சொன்னால் பின்வருவது முன்னதை வெல்லும். ஏரியா-லேபிள்ட்பை என்னும் பண்போ முற்றிலும் நிரல்நிறை. அதில் குறித்த உறுப்புகளின் உரையைக் குறித்த வரிசையிலேயே கோத்து, திரைபடிப்பான் ஒலிக்கும். 'நூல் எண் பெயர்' என்று நாங்கள் இட்டால், என்.வி.டி.ஏ. போன்ற மென்பொருளின்வழிப் படிக்கும் பார்வையற்ற மாணவர் 'திருக்குறள், 40, கல்வி' என்று கேட்பார். அகரவரிசைப்படுத்தினால் அது 'எண் நூல் பெயர்' ஆகும். அவர் செவியில் விழுவது '40, திருக்குறள், கல்வி'. நாற்பது திருக்குறளா, நாற்பதாம் அதிகாரமா? கண்ணால் படிப்போருக்குத் திரையில் எதுவும் மாறியிருக்காது. ஆதலால் இப்பிழையை எவரும் வந்து சொல்லவும் மாட்டார்.

எனவே, எல்லாப் பண்புகளையும் வரிசைப்படுத்துக என்னும் எளிய வழியை விலக்கினோம். கிளாஸ், ரெல் ஆகிய இரண்டை மட்டும் விதியில் பெயர் சுட்டி எழுதினோம். கிளாஸிலும், முழு மதிப்பையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சி.எஸ்.எஸ். தெரிவு எங்கேனும் உண்டா என்று முதலில் தேடிப் பார்த்தோம்; அத்தகைய தெரிவு இருப்பின் வரிசை மாறியதும் வடிவம் கெடும்.

விதி 1 என்ற எண்ணோடு சில நாள் எச்சரிக்கட்டும், பின் 2 ஆகட்டும் என்பது எங்கள் ஏற்பாடு. ஒவ்வொரு பெரிய திருத்தத்துக்குப் பின்னும் ஒருவர் திரையை அணைத்துவிட்டுப் பக்கத்தைக் காதால் கேட்க வேண்டும் என்பதும் அவ்வேற்பாட்டின் பகுதி. அகரவரிசையைக் கருவி அறியும். எது அடிமறி, எது நிரல்நிறை என்று பிரித்துச் சொல்லும் உரையாசிரியர் பணி இன்னும் நம்முடையதே.