இரைச்சல் நீக்கம்

எங்கள் ஊரில் என்னைக் 'குருவி சேர்' என்றும் சொல்வார்கள். நான் குருவி வளர்ப்பதில்லை. குருவிச் சத்தம் பிடிப்பவன். கையில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி, காதில் ஹெட்போன், மிளகுக் கொடிக்கும் கராம்பு மரத்துக்கும் நடுவில் அசையாமல் நிற்கும் நாற்பது வயது தாண்டிய ஒரு மனிதன். இதைப் பார்த்தவர்கள் இந்தப் பெயரோடு விட்டார்களே என்று அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். "இத வித்தா காசி கிடைக்குமா சேர்?" என்று கேட்ட எட்டாம் வகுப்பு மாணவனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இது புதிய பைத்தியமும் அல்ல. 1889ஆம் ஆண்டு ஜெர்மனியில் லுட்விக் கோச் என்ற சிறுவன், எடிசனின் மெழுகு உருளைக் கருவியில் தன் வீட்டுக் கூண்டுப் பறவையின் பாட்டைப் பதிந்து வைத்தான். உலகில் பதிவான முதல் பறவைக் குரல் என்று அறியப்படுவது அதுதான். பறவை ஐரோப்பாவுக்குரியது அல்ல. இலங்கைக் காடுகளிலும் மறைந்திருந்து பாடுகிற, நீண்ட வாலும் செம்மண் நிற வயிறும் கொண்ட சோலைபாடி. கோச் யூதர். ஹிட்லரின் ஜெர்மனியில் இருக்க முடியாமல் 1936இல் இங்கிலாந்துக்குப் போனார். பின்னர் பீபீஸீ வானொலியில் அவர் பதிந்த பறவைக் குரல்களை அந்த நாட்டு மக்கள் விரும்பிக் கேட்டார்கள். அந்நியன் வந்து அவர்களுடைய தோட்டத்துக் குருவிகளையே அவர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தான்.

நமது நாட்டில் இந்தத் துறையில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் தீபால் வரகாகொட. இலங்கைப் பறவைகளின் குரல்களை ஒலிநாடாக்களாகத் தொகுத்து வெளியிட்டவர். 1995இல் கித்துல்கல மழைக்காட்டில் ஓர் இரவு அவருக்குத் தெரிந்த எந்தப் பறவைக்கும் பொருந்தாத ஒரு குரலைக் கேட்டார். குரலுக்குரிய உருவத்தைக் காண ஆறு வருடங்கள் பிடித்தன. 2001 ஜனவரியில் சிங்கராஜ வனத்தில் அது ஒரு சிறிய செந்நிற ஆந்தையாக வெளிப்பட்டது. 2004இல் புதிய இனமாக உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1868க்குப் பிறகு இலங்கையில் அறியப்பட்ட முதல் புதிய பறவை இனம். அதற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரில் 'செரண்டிப்' இருக்கிறது. அரபு மாலுமிகள் இந்தத் தீவை அழைத்த ஸரந்தீப்தான் அது. இத்தனை காலம் நமது தலைக்கு மேல் கூவிக்கொண்டிருந்ததை ஒரு மனிதர் காதால் கண்டுபிடித்தார் என்பதை நான் வகுப்பில் சொல்லாத வருடம் இல்லை.

கைபேசியில் பதியலாமே என்று பலர் கேட்கிறார்கள். பதியலாம். ஆனால் கைபேசி மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. சத்தம் குறைந்தால் தானே கூட்டும், கூடினால் தானே குறைக்கும், தூரத்துத் தவளையை இரைச்சல் என்று நினைத்து நம்மிடம் கேட்காமலே அழித்துவிடும். ஒலியளவை நாமே தீர்மானிக்கிற தனிக் கருவி வேண்டும். என்னுடையது கட்டாரிலிருந்து மச்சான் கொண்டுவந்தது. எவ்வளவு உரத்த சத்தம் வந்தாலும் அளவுகோலின் உச்சிக்குப் பன்னிரண்டு டெசிபல் கீழே நிற்கும்படி அதை அமைத்துக்கொள்வேன். ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ ஒரு கிகாபைட்டைத் தின்றுவிடும். காற்றுத்தான் பெரிய எதிரி. ஹந்தானைக் காற்றில் வெறும் மைக்கைப் பிடித்தால் தகரத்தில் மணல் கொட்டுவது போலத்தான் கேட்கும். வீட்டில் பிள்ளைகளின் பழைய கரடிப் பொம்மையை வெட்டி, அந்த ரோமத் துணியில் மைக்குக்கு ஓர் உறை தைத்துத் தந்தார்கள். கருவியை முக்காலியில் வைத்துவிட்டு நாம் விலகி நிற்க வேண்டும். நோன்பு மாதத்தில் அஸருக்குப் பின் பக்கத்தில் நின்றால் பதிவில் வயிறு பேசும். முடிவில் திகதி, நேரம், இடம் மூன்றையும் வாயால் சொல்லிவிட வேண்டும். அது இல்லாத பதிவு பெயர் எழுதாத கடிதம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. இரவில் பெண் அழுவது போலக் கத்தும் ஒரு பறவையைச் சிங்களக் கிராமங்களில் 'உலமா' என்பார்கள். பேய்ப் பறவை என்ற பயம். பெரிய காட்டு ஆந்தை ஒன்றுதான் அது என்று பறவையியலாளர் பலர் கருதுகின்றனர். என்னோடு பயிற்சிக் கலாசாலையில் படித்த சிங்கள நண்பர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, வாப்பாவின் முன்னிலையில், "நேற்றிரவு உலமாவின் சத்தம் கேட்டு நான் பயந்தே போனேன்" என்றார். வாப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நாங்களும் அப்படித்தான் மகன்" என்றார்.

கண்டியில் 'இயற்கை ஒலி மட்டும்' என்று ஒரு பதிவு செய்வது எளிதல்ல. உடவத்தகெலே 104 ஹெக்டெயர் காடு. 1938இலிருந்து சரணாலயம். ஆனால் அது மாளிகைக்கு மேலே, நகரத்தின் தோளில் இருக்கிறது. அதன் ஓரமாகப் போகும் பாதையில் விடியுமுன் நின்றால், மாளிகையின் ஹேவிசி மேளமும் நகரப் பள்ளிவாசல்களின் பாங்கும் முதல் பஸ்களின் ஹோர்னும் மரங்களுக்குள்ளால் வருகின்றன. ஞாயிறென்றால் தேவாலய மணியும் சேரும். அதற்கிடையில் குண்டுக்கரிச்சான் தன் சீட்டியைத் தொடங்கும். அது இருட்டிலேயே பாட ஆரம்பிக்கும் பறவை. எங்கள் பக்கம் சுபஹ் பாங்கு முடிவதற்கும் அது தொடங்குவதற்கும் இடைவெளி சொற்பம்.

அக்குறணைப் பள்ளத்தாக்கிலோ கதை வேறு. பிங்கா ஓயாவின் இரு கரையிலும் மலைச்சரிவுகளிலும் பள்ளிவாசல்கள். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். ஒரு கிலோமீற்றர் தள்ளியுள்ள பாங்கு மூன்று விநாடி பிந்தித்தான் என் மைக்குக்கு வரும். எந்தப் பள்ளி எவ்வளவு தூரம் என்று மாணவர்களைக் கணக்குப் பார்க்கச் சொல்வேன். ஆனால் எல்லா ஒலிபெருக்கிகளும் முழு அளவில் முழங்கும்போது கணக்கும் இல்லை, பாங்கும் இல்லை, ஒரே முழக்கம். 2007இல் உயர் நீதிமன்றம் இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தபோது நம்மில் பலருக்குக் கோபம் வந்தது. எனக்கும் கவலைதான். ஆயினும் மோதினாரின் தொண்டையை அம்பிளிபயரின் தொண்டையோடு நாம் குழப்பிக்கொண்டு வெகுநாளாகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பதிந்த பிறகு வேலை கணினியில். ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். அதில் ஒலியைப் படமாகப் பார்க்கலாம். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாகச் சுருதி. லொறியும் பஸ்ஸும் அடியில் சேறு போலக் கிடக்கும். சில்வண்டு மேலே தடித்த வேலி போல ஓடும். குருவிகள் தூரிகைக் கீறல்கள். பாங்கு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய அலைக்கோடுகள். 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் லொறி கொஞ்சம் போகும், எந்தக் குருவிக்கும் நோவாது. பேராசைப்பட்டு 500 வரை வெட்டினால் செண்பகமும் சேர்ந்து போய்விடும். பாங்கு நிற்பதோ கொண்டைக்குருவியும் கரிச்சானும் நிற்கும் உயரத்தில்தான். அரித்துப் பிரிக்க வழியில்லை. பாங்கு வேண்டாம் என்றால் அந்த நிமிடங்களையே வெட்ட வேண்டும். குருவியும் போகும், விடியலும் போகும்.

என்னிடமுள்ள பதிவுகளில் மிகத் துப்புரவானது ஒன்றே ஒன்று. லொறி இல்லை, பஸ் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. 2018 மார்ச் 7ஆம் திகதி இரவு, மூன்று மணி பதினொரு நிமிடம்.

அந்த வாரத்தை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. தெல்தெனியவில் தாக்கப்பட்ட சாரதி ஒருவரின் மரணத்தைத் தொடர்ந்து 5ஆம் திகதி திகன எரிந்தது. மறுநாள் அவசரகாலச் சட்டம். கண்டி மாவட்டத்தில் ஊரடங்கு. 7ஆம் திகதி முகநூலும் வட்ஸ்அப்பும் நிறுத்தப்பட்டன. வதந்தி கூட வர வழியில்லாத இரவு அது. வெளிச்சங்களை அணைத்துவிட்டு ஆண்கள் வீதி வளைவில் உட்கார்ந்திருந்தோம். கருவியை வேலிக் கம்பத்தில் கட்டி, வீதி வரும் பக்கம் மைக்கைத் திருப்பி, ஒலியளவைக் கூட்டிவிட்டு நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். வெறும் காதுக்கு எட்டாத மோட்டார் சைக்கிளும் அதில் எட்டும். குருவிக்காக வாங்கிய கருவி அன்று ஊருக்குக் காது. அரை மணிக்கொரு தடவை யாராவது என் தோளைத் தொடுவார்கள். நான் கையை ஆட்டி, 'ஒன்றுமில்லை' என்பேன். பதிவுப் பொத்தானை அழுத்தியது பழக்கத்தில்தான்.

இப்போது அதைக் கேட்டால் சில்வண்டுகள். தூரத்து நாய். யாரோ மெதுவாக ஓதும் ஸலவாத். ஒரு முதியவரின் இருமல். ஒரு தடவை இராணுவ ட்ரக் ஒன்றாக இருக்கலாம், கீழே போய் மறைகிறது. அதன் பிறகு, இரண்டாவது மணி நேரத்தில், மிக அருகிலிருந்து ஓர் ஆந்தை நாற்பது விநாடி விட்டுவிட்டுக் கூப்பிடுகிறது. எங்கள் ஊர் ஆந்தையை அவ்வளவு தெளிவாக நான் அதற்கு முன்னரும் பின்னரும் பிடித்ததில்லை. பதிவின் கடைசியில் சுபஹ் பாங்கு. அன்று ஒலிபெருக்கி வேண்டாம் என்று பள்ளியில் முடிவு செய்திருந்தார்கள். மோதினார் அப்பா முற்றத்தில் நின்று வெறும் தொண்டையால் சொன்னார். தூக்கத்தை விடத் தொழுகை சிறந்தது என்று சுபஹில் மட்டும் வரும் வாசகத்தையும் சொன்னார். ஊரில் யாரும் தூங்கியிருக்கவில்லை.

பிற்பாடு கொழும்பிலுள்ள பறவை ஆர்வலர் ஒருவர் அந்த ஆந்தையைக் கேட்டு மகிழ்ந்துபோனார். நல்ல மனிதர். அவருடைய தொகுப்பில் சேர்க்க விரும்பினார். "ஆந்தைக்கு நடுவில் ஒரு இருமல் கேட்கிறதே, அதை மட்டும் எடுத்துவிட முடியாதா?" முடியும். இருமலுக்கு முன்னும் பின்னும் உள்ள சில்வண்டுச் சத்தத்தில் ஒரு துண்டை எடுத்து ஒட்டுப் போட்டால் தையல் தெரியாது. நான் அந்த நாற்பது விநாடியை இருமலோடு அனுப்பினேன். இடம், திகதி, நேரம் எழுதிய இடத்தில் 'பின்னணி' என்றொரு கட்டம் இருந்தது. 'ஊரடங்கு, ஆட்கள் விழித்திருக்கிறார்கள்' என்று எழுதினேன். ஜஸாகல்லாஹ் என்று அந்த சிங்கள மனிதர் எங்கிருந்தோ கற்று எழுதியிருந்தார். இருமலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

மோதினார் அப்பா 2021இல் கொரோனாவில் மௌத்தானார். ஓட்டமாவடியில் அடக்கம். ஊரிலிருந்து ஸியாரத்துக்குப் போய் வருவது லேசான காரியமல்ல. அவருடைய மூத்த மகள், நான் தாத்தா என்று அழைப்பவர், போன வருடம் வீட்டுக்கு வந்தார்.

"வாப்பாட பாங்கு ஒங்கள்ட்ட ஈக்கிண்டு சொன்னாங்க."

போட்டுக் காட்டினேன். முக்காட்டின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "அந்தப் பூச்சிச் சத்தத்த இல்லாமாக்க ஏலுமா?" என்றார்.

ஏலும் என்றேன். மென்பொருளில் அதற்கு 'இரைச்சல் நீக்கம்' என்றே ஒரு வசதி உண்டு. பாங்கு தொடங்குமுன் சில்வண்டு மட்டும் கேட்கும் இடத்தைத் தெரிவு செய்து, இதுதான் இரைச்சல் என்று அதற்குக் காட்டிக் கொடுக்க வேண்டும். அது மனப்பாடம் செய்துகொண்டு, எங்கெல்லாம் அந்தச் சாயல் வருகிறதோ அங்கெல்லாம் துடைத்துவிடும். துடைத்தது. ஆனால் சில்வண்டு ஓடும் உயரத்தில்தான் 'ஸலாஹ்'வின் ஸகரமும் 'ஃபலாஹ்'வின் ஃபகரமும் இருக்கின்றன. அவையும் தேய்ந்தன. இரண்டு வரிகளுக்கு நடுவே அவர் மூச்சு வாங்குவது கேட்கும், அது அறவே போய்விட்டது. குரல் தண்ணீர்க் குடத்துக்குள்ளிருந்து வந்தது. அளவைக் குறைத்துக் குறைத்து நாலைந்து தடவை செய்து பார்த்தேன். பூச்சி குறைந்த அளவுக்கு அவரும் குறைந்தார்.

இரண்டையும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். துப்புரவாக்கியது ஒன்று, அப்படியே உள்ளது ஒன்று. தாத்தா துப்புரவாக்கியதைத்தான் போனில் வைத்திருப்பதாக அவருடைய மகன் பாடசாலையில் சொன்னான்.