எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஏன் சிவக்கவில்லை?

திருவனந்தபுரத்தில் சாப்பாட்டுக் கடைகளில் இலைக்கு முன்பே வந்துவிடும் ரோஜா நிற வெந்நீர், பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்கவைத்தது. அதே கட்டையை எங்கள் வீட்டுப் பானையில் போட்டால் தண்ணீர் மங்கிய மஞ்சளில் நின்றுவிடும். விருந்துக்கு வந்தவர்கள் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்கள். என் ஆச்சிக்குப் பத்தமடைப் பக்கம். வாழ்க்கைப்பட்டு வந்தது திருவனந்தபுரத்துச் சாலைத் தெருவுக்கு. தன் கல்யாணப் பாயின் சிவப்பும் இந்தத் தண்ணீரின் சிவப்பும் ஒரே மரத்திலிருந்து வந்தவை என்று அவள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே அது சப்பாங்கட்டை, இங்கே பதிமுகம். கோரையில் அவ்வளவு அழுத்தமாக ஏறிய நிறம் எங்கள் பானையில் மட்டும் ஏற மறுப்பானேன்?

கலப்படம் என்றுதான் முதலில் தோன்றியது. சாலைத் தெருவை நான் விவரிக்கத் தேவையில்லை. அங்கேயே கடை வைத்திருந்த ஆ. மாதவன் தன் கதைகளில் அதைத் தமிழ் வாசகர்களுக்கு மூலைமுடுக்கெல்லாம் காட்டியிருக்கிறார். அந்தத் தெருவின் மருந்துக் கடைகளில் ஏறி இறங்கிப் பொட்டலம் பொட்டலமாக வாங்கினேன். சில கடைகளில் சீவல், சில கடைகளில் சிராய், ஓரிடத்தில் முழுக்கட்டை. வீட்டில் எல்லாம் ஒரே மஞ்சளைத்தான் தந்தன.

அவற்றில் ஒரு கடையின் பெரியவரை என்னால் அசைக்கவே முடியவில்லை. எந்த மலைக் கட்டை, எத்தனை வருஷத்து மரம், யார் கொண்டுவந்து போடுகிறார்கள் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "கட்டையெல்லாம் ஒண்ணுதான் சாரே. வெள்ளம்தான் வேற."

"அண்ணாச்சி, ஓட்டல்ல மட்டும் எப்படிச் சிவக்குது?"

"உங்க வீட்டில கிணறா, பைப்பா?"

நான் மறுபடி கட்டையைப் பற்றிக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் சுக்கு நிறுக்கப் போய்விட்டார். அடுத்த தடவை போனபோது புதுக்கட்டை தரவே மறுத்தார். "வீட்டில இருக்கிறதையே வெட்டித் திளைக்க வைங்க. சும்மா சூடாக்கி எறக்கினா எந்தக் கட்டையும் செவக்காது." கிணறா பைப்பா என்ற அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. கட்டையை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்க்கத் தொடங்கினேன்.

இந்த மரத்தில் சாயம் இருப்பது வைரம் பாய்ந்த நடுப்பகுதியில் மட்டும். வெளிமரம் எதற்கும் உதவாது. வைரத்தில் இருக்கும் பிரேசிலின் என்ற பொருளுக்குத் தனக்கென்று பெரிதாக நிறம் கிடையாது. காற்று பட்டு இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை இழந்து பிரேசிலீன் ஆன பிறகுதான் சிவப்பு பிறக்கிறது. அந்தச் சிவப்பும் தண்ணீருக்குத் தகுந்தபடி மாறும்: அமிலம் தூக்கலாக இருந்தால் மஞ்சள், காரம் ஏற ஏற ரோஜா, பிறகு செக்கச்சிவப்பு. குடிநீரின் பி.எச். அளவு 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். கேரளத்தின் வெட்டுகல் (லேட்டரைட்) பூமியில் தோண்டிய கிணறுகளில் அது பெரும்பாலும் 6.5-க்குக் கீழேதான் கிடக்கிறது. எங்கள் கிணறு அப்படிப்பட்ட மண்ணில்தான் இருக்கிறது.

ஒரே பொட்டலத்துக் கட்டையைப் பிரித்து, கிணற்றுத் தண்ணீரில் பாதியும் குழாய்த் தண்ணீரில் பாதியும் போட்டுக் கொதிக்கவைத்தேன். குழாய்த் தண்ணீர் கண்ணெதிரே சிவந்தது. மஞ்சளாக நின்ற கிணற்றுத் தண்ணீரில் வெற்றிலைச் சுண்ணாம்பை ஊசிமுனையளவு கரைத்ததும் அடியிலிருந்து ரத்தச் சிவப்பு கிளம்பிப் பாத்திரம் முழுக்கப் பரவியது. எலுமிச்சை பிழிந்தேன், மஞ்சள் திரும்பி வந்தது. அன்று அடுப்படியை விட்டு வர மனமே இல்லை. 'வெட்டித் திளைக்கணும்' என்று பெரியவர் சொன்னதற்கும் காரணம் உண்டு. கிணற்று நீரின் புளிப்பில் ஒரு பங்கு அதில் கரைந்துள்ள கரியமில வாயுவால் வருவது. தளதளவென்று கொதித்தால் அந்த வாயு வெளியேறும், தண்ணீர் ரோஜாப் பக்கம் நகரும்.

பிரேசிலின் என்ற பெயர்தான் எனக்கு உறுத்தியது. பிரேசிலிலிருந்து வந்த மரம் என்று இங்கே படித்தவர்களே அடித்துச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வரலாறு நேர்மாறாக இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இந்தச் சாயமரத்தைக் கொல்லத்தின் சரக்காகப் பதிந்திருக்கிறார். இத்தாலிய வணிகக் கையேடுகளில் கொல்லத்தின் பெயரையே அடைமொழியாகக் கொண்ட ஒரு ரகம் இருக்கிறது. 1340-களில் கோழிக்கோட்டிலிருந்து கொல்லத்துக்கு ஆற்று வழியாக வந்த இபன் பதூதா, கரையெல்லாம் இலவங்கப்பட்டை மரமும் இந்த மரமும் நிற்பதையும், அவற்றை விறகாக எரித்துச் சமைத்ததையும் எழுதியிருக்கிறார். ஐரோப்பா காசு கொடுத்து வாங்கிய சாயம் இங்கே அடுப்பில் எரிந்தது! 1500-இல் கப்ரால் தலைமையிலான போர்ச்சுகீசியக் கப்பல்கள் தென்னமெரிக்கக் கரையில் ஒதுங்கின. அதே சாயம் தரும் வேறொரு மரத்தை அங்கே கண்ட போர்ச்சுகீசியர், கிழக்கத்திய மரத்துக்கு ஐரோப்பாவில் ஏற்கெனவே பழகியிருந்த 'பிரேசில்' என்ற பெயரை அதற்கும் வைத்தார்கள். நாட்டுக்கே பிறகு அந்தப் பெயர் நிலைத்தது. கப்ராலின் அந்தக் கப்பல்கள் அதே வருடம் கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தன. இரண்டு மரங்களின் கரைகளையும் ஒரே பயணத்தில் தொட்டவர்கள் அவர்கள்.

1856-இல் முதல் செயற்கைச் சாயமான மாவீனை உண்டாக்கி இயற்கைச் சாயங்களின் சந்தையைச் சாய்த்தவர் வில்லியம் பெர்க்கின். அவருடைய மகன் பெர்க்கின், ராபர்ட் ராபின்சனுடன் சேர்ந்து இந்த பிரேசிலினின் மூலக்கூறு அமைப்பைத் துப்புத் துலக்க ஆண்டுக்கணக்கில் உழைத்தார். அப்பா சந்தையிலிருந்து விரட்டியதை மகன் ஆய்வுக்கூடத்தில் விரும்பித் தேடியது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆச்சியின் சொல் மட்டும் பாக்கியிருந்தது. பத்தமடைப் பாய்க்காரர்கள் கோரைக்குச் சிவப்பேற்றப் பழைய நாளில் பயன்படுத்தியது சப்பாங்கட்டையைத்தான். அந்தச் சிவப்புக்கு ஒரு பலவீனம் உண்டு: வெயிலில் வெளுக்கும். இன்னொரு சிவப்புச் சாயமான சாயவேரில் தோய்ந்த துணி அப்படிச் சட்டென்று வெளுக்காது. பரணிலிருந்து ஆச்சியின் பாயை இறக்கி விரித்துப் பார்த்தேன். வெளிச்சம் பட்ட ஓரங்கள் பழுப்பாகிவிட்டிருந்தன. சுருளுக்குள் ஒளிந்திருந்த பகுதியில் சிவப்பு அப்படியே இருந்தது. சாயவேர் இப்படி ஆகாது. ஆச்சி சொன்னதை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

வீட்டில் பதிமுகத் தண்ணீர் மஞ்சளாக இருந்தால் கடைக்காரரைத் திட்டாதீர்கள். கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். பி.எச். குறைந்த தண்ணீர் குழாய்களையும் அரித்துவிடும். பளிச்சென்று சிவந்த தண்ணீரை எங்காவது நீட்டினால் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். மஞ்சளுக்கு இறங்காமல் அந்தச் சிவப்பு அப்படியே நின்றால் அது பதிமுகம் தந்த நிறம் இல்லை. அதைக் குடிக்காதீர்கள்.