நடை சாத்தினா பேட்டரி காலி!

காஞ்சிபுரத்துக்கு டூர் வந்திருக்கீங்களா? அப்படின்னா இந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். காலையில ஏகாம்பரநாதர், காமாட்சி அம்மன் தரிசனத்தை முடிச்சிட்டு, 'அப்படியே வரதராஜரையும் பார்த்துடலாம்'னு சின்ன காஞ்சிபுரம் போய் இறங்கினா... நடை சாத்தியிருக்கும்! மறுபடி திறக்க சாயங்காலம் நாலு மணி வாக்கில் ஆகும். பட்டுப்புடவை பார்க்கிறவங்க காந்தி ரோட்டுக்குக் கிளம்பிடுவாங்க. மிச்சப் பேர் எங்க போவாங்க? வேனுக்குத்தான்!

புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிச்சு, ஃபேனைப் போட்டு, டி.வி-யில படத்தை ஓடவிட்டு, சீட்டைச் சாய்ச்சு ஒரு குட்டித் தூக்கம். வெளிநாட்டுல கேம்பர் வேன்னு ஒண்ணு வச்சிருக்காங்க. படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் உள்ளேயே இருக்கும். வீட்டையே தூக்கிட்டு ஊர் சுத்துற வண்டி. நம்ம டூரிஸ்ட் வேனும் மத்தியானம் 12-லேர்ந்து 4 மணி வரைக்கும் அந்த வேலையைத்தான் பார்க்குது. ஒரே வித்தியாசம், அந்த வேலைக்காக அதைச் செய்யலை!

இந்த ஒரு வித்தியாசம், எங்க மாமாவோட வேனைப் பழைய இரும்புக் கடை வாசல் வரைக்கும் கொண்டுபோயிடுச்சு.

மாமான்னா அம்மாவோட தம்பி. சொந்தமா ஒரே ஒரு வேன். 14 சீட், டீசல், வயசு 17. எந்தக் கம்பெனி வண்டின்னு கேட்காதீங்க. 17 வயசுக்கு மேல வர்ற வியாதிக்குக் கம்பெனியைக் குத்தம் சொல்றது நியாயமே இல்லை. எட்டு வருஷத்தைத் தாண்டின வாடகை வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. காட்டணும். அதுல எல்லாம் மாமா கறார். ஆனா, போன ஒன்றரை வருஷத்துல மூணு பேட்டரி மாத்தியாச்சு. வாரத்துக்கு ரெண்டு லிட்டர் தண்ணி ரேடியேட்டருக்குள்ள போகுது. எங்க போகுதுன்னே தெரியலை. வண்டி நின்ன இடத்துல ஒரு சொட்டு ஈரம் கிடையாது.

கல்யாணப் புடவை எடுக்க வந்த ஒரு குடும்பம், திரும்புற நேரத்துல செல்ஃப் எடுக்காம, பட்டு வேட்டியோட வேனைத் தள்ளியிருக்காங்க. மாமாவுக்கு சவாரி கொடுக்கிற டிராவல்ஸ்காரர் அன்னிக்கே சொல்லிட்டார்... "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, வேற வண்டி பார்த்துக்கிறேன்." வந்த மெக்கானிக், "டைனமோ மாத்தணும், ரேடியேட்டர் மாத்தணும். பேசாம வண்டியையே மாத்திடுங்க" என்று முடித்துவிட்டார். புது வேன் என்றால் பல லட்சம். அத்தை வளையலைக் கழற்றி வைக்கிற அளவுக்குப் பேச்சு போயிடுச்சு.

நான் மல்டிமீட்டரோட போனது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

"ஏம்மா, காலேஜ்ல மிக்ஸி ரிப்பேராவது சொல்லித் தர்றாங்களா?" என்று சிரித்தார் மாமா.

"மாத்துறதுக்கு முன்னாடி அளந்து பார்க்கலாம் மாமா. அதுக்குக் காசா, பணமா?" என்றேன்.

வரவு எட்டணா... செலவு பத்தணா!

நம்ம வண்டி பேட்டரி ஒண்ணும் புது டெக்னாலஜி இல்லைங்க. 1859-ல் காஸ்டன் பிளான்டே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடிச்ச ஈயம்-அமில பேட்டரியோட வாரிசுதான். உள்ளே ஆறு அறை, ஒவ்வொண்ணும் 2.1 வோல்ட். ஆக, முழுசா சார்ஜ் ஆகி ஓய்வா இருக்கிற பேட்டரி 12.6 காட்டணும். 12.2 காட்டினா பாதி காலி. 11.9-க்கு வந்துட்டா கிட்டத்தட்ட முழுசாவே காலி. பத்தில் ஒண்ணு, ரெண்டு வோல்ட்டுலதான் மொத்த ரகசியமும் இருக்கு!

மாமா வேன் அன்னிக்குக் காலையில காட்டினது 11.9. கடையில கொடுத்து முழுசா சார்ஜ் ஏத்தினோம். ராத்திரி நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு அப்படியே விட்டோம். காலையில பார்த்தா 12.6 ஆடாம அசையாம நிக்குது. அதாவது, பேட்டரி மேல தப்பே இல்லை. மூணாவது பேட்டரியையும் தூக்கிப் போட இருந்தார் மாமா!

அடுத்து, இன்ஜினை ஓடவிட்டு, லைட், ஃபேன் எல்லாத்தையும் போட்டு அளந்தோம். மெக்கானிக்குங்க டைனமோன்னு சொல்ற ஆல்டர்னேட்டர் நல்லா இருந்தா 13.8-லேர்ந்து 14.4 வரைக்கும் காட்டணும். இங்கே 12.9. வரவு கம்மி. டெர்மினலை மாட்டி வச்சா மட்டும் ராத்திரியில இறங்குது. அப்போ யாரோ திருட்டுத்தனமா செலவும் பண்றாங்க.

திருடனைப் பிடிக்கிற வழி ரொம்ப சிம்பிள். சாவியை எடுத்துட்டு, கதவெல்லாம் மூடிட்டு, நெகட்டிவ் ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவுல மீட்டரை ஆம்பியர்ல வச்சு மாட்டணும். (அந்த நிலைமையில மட்டும் தப்பித்தவறிகூட செல்ஃப் அடிக்காதீங்க. மீட்டர் காலி!) தூங்குற வண்டி 0.05 ஆம்பியர் அளவுக்குச் சாப்பிட்டா தப்பில்லை. கடிகாரம், ரேடியோ மெமரி இதுக்கெல்லாம் அது வேணும். மாமா வேன் சாப்பிட்டது 0.8 ஆம்பியர்!

'பூ, இவ்ளோதானா'ன்னு நினைக்காதீங்க. ஒரு நாளைக்கு 24 மணி நேரம். 0.8-ஐ 24-ஆல் பெருக்கினா 19 ஆம்பியர்-அவர். சவாரி இல்லாம மூணு நாள் நின்னா 57. பேட்டரியோட மொத்தக் கொள்ளளவே 100. முகூர்த்தம் இல்லாத வாரம் முடிஞ்சு சவாரி வந்தா வண்டி ஏன் கிளம்பலைன்னு இப்போ புரியுதா?

அறுந்த இழை எது?

பிள்ளையார்பாளையத்துல எங்க தாத்தா தறி நெய்தவர். பாவுல ஆயிரக்கணக்கான இழை இருக்கும். ஒண்ணு அறுந்தா பாவையே தூக்கிப் போட மாட்டாங்க. எந்த இழைன்னு கண்டுபிடிச்சு, முடிச்சுப் போட்டு, நெசவைத் தொடர்வாங்க. கரன்ட் திருடனையும் அப்படித்தான் தேடணும். ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து ஒவ்வொரு ஃபியூஸா உருவணும். எதை உருவும்போது மீட்டர் சடார்னு இறங்குதோ, அந்த லைன்லதான் ஆள் இருக்கான்.

எல்லா ஃபியூஸையும் உருவியாச்சு. மீட்டர் கிட்டத்தட்ட அப்படியே நிக்குது! மாமா முகம் தொங்கிப்போச்சு. எனக்கு உற்சாகம் வந்துடுச்சு. ஏன்னா, இதுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அந்த லைன் ஃபியூஸ் பாக்ஸுக்கே வரலை. பேட்டரியிலேர்ந்து நேரா போகுது. ஒயரைத் தடவிக்கிட்டே போனா, பின் சீட்டுக்கு அடியில பாட்டு ஆம்ப்ளிஃபையர்! சாவியை எடுத்தாலும் தூங்கவே தூங்காது. அதே ஒயர்லேர்ந்து இன்னொரு கிளை, முன்னாடி முருகர் படத்தைச் சுத்தி மினுக்குற சீரியல் லைட்டுக்கு. சாமி லைட்டை அணைக்கக் கூடாதுன்னு யாரோ பாசமா நேரடி லைன் கொடுத்திருக்காங்க!

முருகரை ஒண்ணும் பண்ணலைங்க. சாவி போட்டா மட்டும் உயிர் வர்ற மாதிரி ஒரு ரிலே, தனியா ஒரு ஃபியூஸ். ராத்திரிச் செலவு 0.8-லேர்ந்து 0.04-க்கு வந்துடுச்சு.

ஒரே பெல்ட்... ரெண்டு வியாதி

சரி, வரவு ஏன் கம்மி? டைனமோ மாத்தச் சொன்னாரே மெக்கானிக்? அதுக்கு முன்னாடி, அதைச் சுத்திவிடுற பெல்ட்டைக் கட்டை விரலால அழுத்திப் பார்த்தேன். இந்த மாதிரி பெல்ட் பொதுவா ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அமுங்கலாம். இது ரெண்டரை சென்டிமீட்டர் அமுங்குது. ஓரமெல்லாம் தேய்ஞ்சு கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு. காலையில ஸ்டார்ட் பண்ணினதும் 'கீச்'னு ஒரு சத்தம் வரும்னு அத்தை அடிக்கடி சொல்வாங்க. பெல்ட் வழுக்கிட்டே இருந்திருக்கு.

அந்த பெல்ட் எங்கெல்லாம் போகுதுன்னு மாமா குனிஞ்சு பார்த்தார். டைனமோ... அப்படியே சுத்தி வாட்டர் பம்ப், ரேடியேட்டர் ஃபேன். நிமிர்ந்தவர் ஒரு நிமிஷம் பேசவே இல்லை.

"அப்போ தண்ணி காணாமப்போறதும்...?"

அதேதான். பெல்ட் வழுக்கினா பேட்டரிக்கு சார்ஜ் ஏறாது. வாட்டர் பம்ப்பும் ஃபேனும் மெதுவா சுத்தும். பைபாஸ்ல போகும்போது எதிர்க்காத்து சமாளிச்சிடும். பொன்னேரிக்கரை தாண்டி ஊருக்குள்ள நுழைஞ்சு, பஸ்ஸும் ஆட்டோவும் மாட்டு வண்டியும் நடுவுல ஊர்ந்தா சூடு ஏறும். ஏறின சூட்டுல பொங்குற தண்ணி, மூடியைத் தள்ளிக்கிட்டு, ஓவர்ஃப்ளோ டியூப் வழியா ஓடுற ரோட்டிலேயே சொட்டிடும். நிக்கிற இடத்துல எப்படி ஈரம் இருக்கும்?

ரேடியேட்டர் மூடி சாதாரண மூடி இல்லை, அது ஒரு குக்கர் வெயிட். தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடிச்சு வச்சா, 118 டிகிரி வரைக்கும் தாங்கும். கூலன்ட்டும் தண்ணியும் பாதிப் பாதின்னா இன்னும் மேல. மாமா வேன் மூடியைத் திருப்பிப் பார்த்தா ரப்பர் காய்ஞ்ச வடு மாங்கா மாதிரி வெடிச்சிருக்கு. அழுத்தமே நிக்கலை. (மூடியை இன்ஜின் நல்லா ஆறினப்புறம்தான் திறக்கணும். சூட்டோட திறந்தா குக்கரை விசில் அடங்காம திறக்கிற கதைதான். முகம் வெந்துடும்.)

இன்னொரு பயம் பாக்கி இருந்தது... ஹெட் கேஸ்கட். அது போயிருந்தா செலவு எகிறிடும். டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தோம். ஆயில் கறுப்பாத்தான் இருக்கு, பால் கலந்த டீ மாதிரி ஆகலை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணினா தொடர்ந்து குமிழி வரலை. சைலன்ஸர்ல வெள்ளைப் புகையும் நிக்காம வரலை. அத்தைதான் முதல்ல மூச்சு விட்டாங்க.

பெல்ட் ஒண்ணு, மூடி ஒண்ணு, ரிலே ஒண்ணு. மூணும் சேர்த்து ஒரு புது பேட்டரி விலையில நாலில் ஒரு பங்குகூட ஆகலை. இத்தனை நாள் ஊத்தின போர்த் தண்ணியை இறக்கினப்போ, துருவும் உப்புக் கல்லுமா வந்தது. ரேடியேட்டரை நல்லா அலசிட்டு, கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோட கலந்து ஊத்தினோம். பழைய கூலன்ட் இனிக்கிற விஷம். சாக்கடையிலயோ, தெரு நாய் நக்குற இடத்துலயோ கொட்டாதீங்க. டெர்மினல்ல பூத்திருந்த வெள்ளைப் பூவை ஆப்ப சோடா கரைச்ச தண்ணியில கழுவி, கொஞ்சம் கிரீஸ் தடவினோம். இன்ஜின் ஓடும்போது மீட்டர் காட்டினது 14.1!

மத்தியானம் என்ன பண்றது?

இதோட முடியலை. நாலு மணி நேரக் கணக்கு இன்னும் பாக்கி. நாலு ஃபேன் எட்டு ஆம்பியர், டி.வி. மூணு, பாட்டு அஞ்சு. மொத்தம் 16. நாலு மணி நேரத்துல 64 ஆம்பியர்-அவர். 100-ல் 64 போனா செல்ஃப் எப்படி எடுக்கும்? அதுக்கப்புறம் கோயிலுக்குக் கோயில் ரெண்டு கிலோமீட்டர், மூணு கிலோமீட்டர்னு ஓடினா, போனது திரும்பி வரவே வராது.

வண்டி பேட்டரி ஓட்டப்பந்தய வீரர் மாதிரி. சில விநாடி பயங்கர வேகம், அவ்வளவுதான். மணிக்கணக்கா உழைக்கிறது வேற ஜாதி. நம்ம வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி அந்த ரகம். ஸ்டார்ட்டிங் பேட்டரியை அடிக்கடி அடி வரைக்கும் உறிஞ்சினா, தகட்டுல சல்ஃபேட் படிஞ்சு சீக்கிரமே செத்துடும். மாமாவோட முதல் ரெண்டு பேட்டரி செத்தது இப்படித்தான்னு நினைக்கிறேன். கேம்பர் வேன்காரங்க இதுக்குத்தான் ரெண்டு பேட்டரி வைக்கிறாங்க. ஒண்ணு இன்ஜினுக்கு, ஒண்ணு வீட்டுக்கு. நடுவுல ஒரு ரிலே. வீட்டு பேட்டரி காலியானாலும் வண்டி கிளம்பிடும்.

மாமாவால இப்போ ரெண்டாவது பேட்டரி வாங்க முடியாது. அதனால, வோல்ட்டேஜ் 12-க்குக் கீழ இறங்கினா ஃபேன், டி.வி., பாட்டை மட்டும் தானா நிறுத்துற ஒரு குட்டி சர்க்யூட்டை மாட்டிக் கொடுத்தேன். முழு லோடுல ரெண்டு மணி நேரத்துக்குள்ள கட் ஆகிடும். ரெண்டு ஃபேன் மட்டும்னா நடை திறக்கிற வரைக்கும் தாராளம். டிராவல்ஸ்காரர் அடுத்த முகூர்த்தத்துக்கு மூணு சவாரி கொடுத்திருக்கார். வளையல் அத்தை கையிலேயே இருக்கு.

உங்க வீட்டுலயும் ஒரு பழைய வேனோ, காரோ, அப்பாவோட ஆட்டோவோ இருக்கலாம். 'எல்லாம் போச்சு, மாத்திடு'ன்னு யாராவது சொன்னா உடனே தலையாட்டாதீங்க. எல்லாம் ஒரே நாள்ல போறது அபூர்வம். இந்த ஞாயிற்றுக்கிழமை இன்ஜின் ஆறினதும் மூடி ரப்பரைப் பாருங்க, பெல்ட்டை ஒரு அழுத்து அழுத்துங்க, பேட்டரியை அளந்து ஒரு தாள்ல எழுதி வைங்க. சாதாரண மல்டிமீட்டர் ஒரு சினிமா டிக்கெட், பாப்கார்ன் செலவுக்குள்ள வந்துடும். என்ன... கிளம்பிட்டீங்களா பாஸ்?