அறுந்ததைச் சொல்லாத இணைப்பு

தொலைவில் இருக்கும் கணினிகளைப் பராமரிக்கிறவர்களுக்கு இணைப்பு அறுவது பெரிய துன்பமில்லை. அறுந்தது தெரியாமலிருப்பதுதான் துன்பம். திரையில் கர்சர் அப்படியே நிற்கும். எதைத் தட்டினாலும் எழுத்து வராது, பிழைச் செய்தியும் வராது.

தொலைக் கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் பிறந்தது இதைத் தீர்க்க அல்ல. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவு போனதால், 1995இல் டாட்டு யுலோனென் அதை எழுதினார். ஒட்டுக்கேட்பவரைத் தடுப்பதே நோக்கம். வழியிலுள்ள ரவுட்டரோ, பேச்சு ஓய்ந்த இணைப்பைச் சில நிமிடங்களிலேயே மறந்துவிடக்கூடும்; இரு முனைக்கும் தகவல் சொல்லாது. மறுமுனை உயிரோடிருக்கிறதா என்று லினக்ஸ் தானாக விசாரிக்க 7200 விநாடி ஆகும். எஸ்எஸ்எச்சுக்கென்று உள்ள ‘சர்வர் அலைவ் இன்டர்வல்’ அமைப்பின் இயல்பு மதிப்பு 0, அதாவது விசாரிப்பதே இல்லை. அதை 30 ஆக்கினால், மூன்று முறை கேட்டும் பதில் வராதபோது, சுமார் 90 விநாடியில் நிரல் தன்னை முடித்துக்கொள்ளும்.

முடித்துக்கொள்வது முக்கியம். அறுந்த இணைப்பை மறுபடி தொடங்கும் ஆட்டோஎஸ்எஸ்எச்சை அதன் கண்காணிப்பு போர்ட் இல்லாமல் ஓட்டினாலும், லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டியிடம் பொறுப்பை விட்டாலும், பழைய நிரல் முடிந்தால்தான் அவை புதியதைத் தொடங்கும். மறுதொடக்கத்தை மட்டும் அமைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

எஸ்எஸ்எச்சின் தலைகீழ்ச் சுரங்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. வீட்டு ரவுட்டருக்குப் பின்னாலிருக்கும் கணினி, தன்னை வெளியிலிருந்து அடைய வழியாக, வெளியிலுள்ள சர்வரில் ஒரு போர்ட்டைத் திறந்து வைத்திருக்கும். இணைப்பு செத்தாலும் சர்வர் அதை அறியாது. காலி செய்து போனவர் பெயரிலேயே அறை பூட்டிக் கிடப்பதுபோல அந்தப் போர்ட் மாட்டிக்கொள்ளும். புதிய இணைப்பு உள்ளே வரும், சுரங்கம் மட்டும் திறக்காது. செத்த இணைப்பைக் கண்டறிய சர்வரிலும் ‘கிளையன்ட் அலைவ் இன்டர்வல்’ வேண்டும். சுரங்கம் திறக்காவிட்டால் நிரல் முடிந்துவிட, இந்தப் பக்கம் ‘எக்ஸிட் ஆன் ஃபார்வர்ட் ஃபெயிலியர்’ வேண்டும். சுரங்கம் திறக்காத இணைப்பு உயிரோடிருந்து என்ன பயன்?

எம்ஐடியில் உருவாகி 2012இல் வெளிவந்த மோஷ் என்ற தொலை முனைய நிரல், மடிக்கணினி வைஃபையிலிருந்து மொபைல் இணையத்துக்கு மாறினாலும் அறுவதில்லை. தட்டச்சு வேலைக்கு அதைவிட நல்லது நான் பார்த்ததில்லை. ஆனால் அதில் போர்ட் சுரங்கம் போட முடியாது. நடந்துகொண்டிருக்கும் வேலை அறுபடாமலிருக்க, அமர்வை மறுமுனையிலேயே காத்து வைக்கும் டிமக்ஸ் போதும்.

கணினியைத் தொலைவுக்கு அனுப்புமுன் ஒன்று செய்யுங்கள். அது உங்கள் மேசைமேல் இருக்கும்போதே நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் பொறுத்து, மறுபடி செருகுங்கள். எதையும் தொடாமல் சுரங்கம் தானே திரும்பி வந்தால் மட்டும் அனுப்புங்கள்.