பல்லடம் சாலைப் பட்டறை

திருப்பூரில் காலை எட்டரை மணிக்கு ஏதேனும் ஒரு தெருமுனையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் ஊர் இன்னதென்று காது சொல்லிவிடும். பனியன் கம்பெனிகளின் ஜன்னல்களிலிருந்து ஓவர்லாக், பேட்லாக் மெஷின்களின் ஓசை, தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும். துணி மூட்டைகளைக் கால்வைக்க இடமின்றி அடுக்கிக்கொண்ட மொபெட்டுகளும், 'சின்ன யானை' என்று ஊரார் செல்லமாக அழைக்கும் டாட்டா ஏஸ் வண்டிகளும் அந்த ஓசையின் நடுவே உறுமிக்கொண்டு போகும். அப்படிப்பட்ட ஒரு காலைப்பொழுதில், பல்லடம் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், ஒரு தையல் யூனிட்டுக்கும் ஓர் அட்டைப்பெட்டிக் கிடங்குக்கும் நடுவிலுள்ள மோட்டார் பட்டறைக்கு நான் போய்ச் சேர்ந்தேன். மின்சாரக் கார்கள் பெருகிவரும் இந்தக் காலத்தில், பெட்ரோல் என்ஜினை உயிராய் நேசிக்கிறவர்கள் என்ன நினைக்கிறார்கள், அந்த என்ஜினைக் கையால் ஆண்டு பிழைத்தவர்கள் என்ன ஆவார்கள் என்று நேரில் அறிய வேண்டுமென்பது நெடுநாளாக என் மனத்தில் இருந்த ஆவல்.

பட்டறைக்கு உரியவர் அறுபதைக் கடந்தவர். பையன்கள் அவரை 'மேஸ்திரி' என்கிறார்கள். நான் போனபோது அவர் முன்னே ஒரு பழைய அம்பாஸடர் பானட்டைத் திறந்து நின்றது. 1950-களின் இறுதியில் வெளிவரத் தொடங்கி 2014-இல் உற்பத்தி நின்றுபோன அந்தக் காருக்கு, இப்பட்டறையில் இன்னும் குடும்பத்து மூத்தவர் ஒருவருக்குரிய மரியாதை இருக்கிறது.

"வாங்க, உக்காருங்க. சித்தெ நேரம் பொறுங்க, இவன் என்னமோ சொல்றான், கேட்டுப்போட்டு வந்தர்றனுங்க" என்றார்.

அவர் 'இவன்' என்றது என்ஜினை. மரப்பிடி போட்ட நீளமான திருப்புளி ஒன்றை எடுத்து, அதன் இரும்பு நுனியை ஓடிக்கொண்டிருந்த என்ஜினின் மேல்மூடியில் ஊன்றி, பிடியைத் தம் காதோடு அணைத்துக்கொண்டார். ஒரு வைத்தியர் நோயாளியின் மார்பில் குழாயை வைத்துக் கேட்பதற்கும் அதற்கும் எள்ளளவும் பேதமில்லை. நுனியை ஒவ்வோர் அங்குலமாக நகர்த்திக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, "மூணாவதுங்க. வால்வு பேசுது" என்றார். என்னையும் கேட்கச் சொன்னார். முதலில் எனக்குக் கேட்டதெல்லாம் ஒரே இரைச்சல்; சற்றுப் பொறுத்துக் கேட்டபோது, அந்த இரைச்சலின் அடியில், சீரான தாளத்தில், நகத்தால் மேஜையைத் தட்டுவதுபோன்ற மெல்லிய சப்தம் ஒன்று தனித்துப் புலப்பட்டது. என்ஜினை நிறுத்தி, மூடியைக் கழற்றி, பீலர் கேஜின் மெல்லிய தகட்டை வால்வுத் தண்டின் நுனிக்கும் அதை அழுத்தும் கைக்கும் இடையே செருகி, நட்டைத் தளர்த்தி, திருப்பி, மீண்டும் இறுக்கினார். மறுபடி ஓட்டியபோது அந்தத் தட்டல் இல்லை.

பிறகு ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அதன் முனை கரியப்பிக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் காற்று அதிகம். வறுத்த காப்பிக்கொட்டையின் நிறத்தில் இருந்தால் கார்புரேட்டரின் கலவை சரியென்று அர்த்தம். சிலிண்டர் தேய்ந்துபோனால் இருபது தௌ, நாற்பது தௌ என்று அங்குலத்தில் ஆயிரத்திலொரு பங்குக் கணக்கில் போர் போட்டு, அதற்கேற்ற பெரிய பிஸ்டனை இறக்குகிறார்கள். காதும் கண்ணும் விரல்நுனியும் சேர்ந்து பயில வேண்டிய இந்த வித்தைக்குப் புஸ்தகம் துணையாகுமே தவிர, ஆசானாகாது. பதினான்கு வயதில், கோயம்புத்தூரிலிருந்த ஒரு பட்டறையில், மண்ணெண்ணெயில் நட்டுக் கழுவும் பையனாக அவர் சேர்ந்தாராம். திருப்புளியைக் காதில் வைக்க அவருடைய குரு அனுமதித்தது ஐந்தாவது வருஷத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பட்டறை ஒரு சபையாகிவிடுகிறது. நிட்டிங் யூனிட் வைத்திருப்பவர் ஒருவர், சாயப்பட்டறை மாஸ்டர் ஒருவர், ஏற்றுமதி நிறுவனமொன்றின் கணக்கர் ஒருவர் என்று ஐந்தாறு பேர் தங்கள் பழைய வண்டிகளோடு வருவார்கள். டீயும் பேச்சுமாக உச்சிப்பொழுது வரை போய்விடும். நெசவும் நூற்பும் பெருகிய இந்தக் கொங்குச் சீமையில் மோட்டார் மோகம் நேற்று வந்ததன்று. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொடங்கி, பின்னர் யூ.எம்.எஸ். என்ற பெரிய ஸ்தாபனத்தை வளர்த்த ஜி.டி. நாயுடுவின் சீமை இது. கோவையின் மில் குடும்பமொன்றில் பிறந்து, மாருதி என்ஜினைக் கொண்டே எளிய பந்தயக் கார்களை வடிவமைத்த கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார்; செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயனும் கோவைக்காரரே. ஆகவே, இந்தச் சபையில் எழும் ஆட்சேபணைகளைப் பொழுதுபோகாதவர்களின் முணுமுணுப்பென்று தள்ளிவிட முடியாது.

சாயப்பட்டறை மாஸ்டர் சொன்னது ரசனையைப் பற்றியது. கியர் மாற்றும் க்ஷணத்தில் என்ஜினின் குரல் தாழ்ந்து, மறுபடி எழுவதைக் காலாலும் கையாலும் வாங்கிக்கொண்டு ஓட்டுகிறவன் வண்டியோடு பேசுகிறான். குரலே இல்லாத வண்டியிடம் எதைப் பேசுவது என்பது அவருடைய துக்கம். கணக்கர் வேறு வழியில் வந்தார். பாட்டரியின் ஆயுள் குறையக் குறைய வண்டியின் விலை என்னவாகும், கோடையில் நூறு கிலோமீட்டர் தாண்டிய பிறகு சார்ஜ் ஏற்ற எங்கே நிற்பது, அனல் மின்நிலையத்தில் நிலக்கரியை எரித்து வந்த மின்சாரத்தில் ஓடுவது எப்படிச் சுத்தமாகும் என்று விரல் விட்டு எண்ணினார். 2022-ஆம் வருஷக் கோடையில் நாட்டின் பல இடங்களில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பற்றிய செய்திகளையும், அதன் பின்னரே பாட்டரிச் சோதனை விதிகள் கடுமையானதையும் அவர் மறக்கவில்லை.

நிட்டிங் யூனிட்காரர் கடைசியாகப் பேசினார். "அண்ணா, எனக்குக் கரண்டு மேல கோபமில்லீங்க. என் மெஷினெல்லாம் கரண்டுலதான ஓடுது? ஆனா ரோட்டுல வண்டி நின்னுபோச்சுன்னா, இந்த மேஸ்திரியக் கூப்பிட்டா ராத்திரி ரெண்டு மணிக்கும் வந்து தொறந்து பாப்பாரு. அந்த வண்டியத் தொறக்கறதுக்கு யாரு இருக்கா? கம்பெனிக்காரன் லேப்டாப் கொண்டாந்தாத்தான் உண்டு."

வீடு திரும்பிய பிறகும் அந்தச் சொல் என்னை விடவில்லை. மற்ற ஆட்சேபணைகளுக்குக் காலம் ஓரளவு விடை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. பல்லடத்திலிருந்து உடுமலை வரை, பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து வரும் மாதங்களில், திருப்பூர்ப் பனியன் முதலாளிகள் பலருடைய காற்றாலைகள் சுழல்வதை எவரும் பார்க்கலாம். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டியாயிற்று. ஆனால், திறக்க முடியாத யந்திரம் என்ற பயத்துக்குக் காற்றாலை விடை சொல்லாது.

விடை ஒருவாறு பக்கத்துக் கட்டடத்தில் இருந்தது. அந்தத் தையல் யூனிட்டின் பவர் டேபிள் வரிசைகளுக்கிடையே மெஷின் மெக்கானிக்காக இருக்கும் இளைஞர் எனக்கு இரண்டு மோட்டார்களைக் காட்டினார். ஒன்று, மூலையில் தூசு படிந்து கிடந்த கிளட்ச் மோட்டார். ஸ்விட்சைப் போட்டால் காலையிலிருந்து சாயங்காலம் வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும். டைலர் கால் மிதியை அழுத்தும்போது கிளட்ச் பிடித்து ஊசி ஓடும். கையில் துணியைச் சரிப்படுத்தும் நேரமெல்லாம் மோட்டார் வீணே சுழலும். மற்றொன்று, மேஜைக்கடியில் சப்தமின்றி இருந்த சர்வோ மோட்டார். மிதித்தால் ஓடும், விட்டால் நிற்கும், நிற்கும்போது தின்னும் மின்சாரமும் அற்பம். சிக்னலில் நிற்கையில் பெட்ரோலை வீணாய் எரிக்கும் வண்டிக்கும் மின்சார வண்டிக்குமுள்ள வித்தியாசம் முழுவதும் அந்த இரண்டு மோட்டார்களில் அடங்கிவிட்டது.

"மொதல்ல ஒரு அக்காவும் ஒத்துக்கலைங்க. கால் பழகல, தையல் தாவுதுன்னு சண்டை. எங்க மெக்கானிக்குகளும் பயந்தாங்க, உள்ள போர்டு இருக்குது, நமக்கு என்ன தெரியும்னு. பொறவு போர்டு கடையில தனியாக் கெடைக்க ஆரம்பிச்சுதுங்க. ஒருத்தரப் பாத்து ஒருத்தர் தொறந்து பழகிட்டோம்" என்றார் அவர்.

அவர் சொன்னதில் ஒரு சரித்திர உண்மை இருப்பதாக எனக்குப் பட்டது. இந்தப் பிரதேசத்துக்கு மின்சாரம் அந்நியமன்று. மின்சாரத்தால் ஆன பிரதேசமே இது. 1932-இல் நீலகிரியின் பைக்காராவில் பிறந்த மின்சாரம் சமவெளிக்கு இறங்கியபின்தான் கோவையில் ஆலைகள் பெருகின. காளைகள் பின்னும் முன்னும் நடந்து கிணற்று நீரை இறைத்த கவலை ஏற்றத்தின் இடத்தில் ஆயில் என்ஜின் வந்தது; ஆயில் என்ஜினின் இடத்தில் மின்சாரப் பம்புசெட்டு வந்தது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டாரை உருவாக்கிய பிறகு, மோட்டார் காயில் சுற்றுகிற கைகள் கிராமந்தோறும் தோன்றின. கொங்கு விவசாயியின் கிணற்றடிக்கு மின்சாரம் வந்தபோது அதைத் திறந்து பழுது பார்க்கிற மனிதனும் கூடவே வந்தான். அதனால்தான் அது நிலைத்தது.

காரின் கதையிலும் மின்சாரம் புதியதன்று. பெட்ரோல் வண்டிகள் திணறிக்கொண்டிருந்த 1899-இல், மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை முதலில் தாண்டிய கார் பெல்ஜியத்து ஜெனாட்சி ஓட்டிய மின்சாரக் காரே. பிறகு பெட்ரோல் வண்டி வென்றதற்கும் ஒரு மின்மோட்டார் காரணமாயிற்று: 1912-இல் காடிலாக் காரில் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்ததும், கைப்பிடியைச் சுழற்றி என்ஜினைக் கிளப்பும் அவஸ்தை தீர்ந்தது.

நான் அங்கிருந்த மூன்றாம் நாள், வாடிக்கையாளர் ஒருவர் தம் மின்சாரக் காரை முன்சக்கரத்தில் சத்தமென்று கொண்டுவந்தார். மேஸ்திரி அதற்குமுன் அத்தகைய காரை ஓட்டியதில்லை. என்னையும் ஏற்றிக்கொண்டு தாராபுரம் சாலைவரை போனார். மிதித்த மாத்திரத்தில் வண்டி பாய்ந்ததும் அவர் கை ஸ்டீயரிங்கில் இறுகியது. காலை எடுத்தவுடன் வண்டி தானே வேகம் குறைந்து, அந்த வேகத்தையே பாட்டரிக்குத் திருப்பித் தருகிறதென்று உரிமையாளர் சொன்னபோது, "இது பெரிய விஷயமுங்க" என்று மனமாரச் சொன்னார். சிறிது தூரம் மௌனமாக ஓட்டியவர், கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "டயரும் காத்துந்தான் கேக்குது. இத்தன நாளா என்ஜினுக்கு அடியில இதெல்லாம் ஒளிஞ்சு கெடந்துதுங்க" என்றார். திரும்பி வந்ததும் சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்துபோன பால் ஜாயிண்டை அரைமணியில் மாற்றிவிட்டார். ஆனால் பானட்டைத் திறந்து, ஆரஞ்சு நிறத்து உயரழுத்தக் கேபிள்களையும் முத்திரையிட்ட பெட்டிகளையும் பார்த்தபோது, அவர் கை எதையும் தொடாமல் தாழ்ந்தது. நாற்பது வருஷங்களுக்கு மேலாக எந்த யந்திரத்தின் முன்னும் தயங்காத கை அது.

மோட்டார் பிரியர்களின் ஐயம் மின்சாரத்தின்மேல் எழுந்த துவேஷமென்று நான் இனி நினைக்க மாட்டேன். தான் நேசித்த பொருளை அறிந்துகொள்ளும் வழி அடைபட்டுவிடுமோ என்ற கவலை அது. அந்தக் கவலை நியாயமானது. அதற்குப் பரிகாரமும் உண்டு. 2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தபோது, அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. உபகரணமும் உதிரிபாகமும் கையேடும் வெளிப்பட்டறைக்குக் கிடைக்க வேண்டுமென்ற அந்த எண்ணம் சட்டமாகி, உயரழுத்த மின்சாரத்தை அபாயமின்றிக் கையாளும் பயிற்சி ஐ.டி.ஐ. வாசலோடு நில்லாமல் இதுபோன்ற சந்துகளுக்கும் வந்து சேருமானால், புதிய யந்திரத்துக்கு இந்த ஊர் புதிய மெக்கானிக்குகளைத் தரும். வராவிட்டால், வண்டி ஓடும், வித்தை நின்றுபோகும்.

கடைசி நாள் சாயங்காலம் பட்டறைக்குள் ஒரு மின் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். துணிக் கட்டு ஏற்றி ஓடிய வண்டி. நடு ரோட்டில் உதறி உதறி நின்றுவிட்டதாம். மேஸ்திரியின் சீடப்பையன் கன்ட்ரோலரைக் கழற்றிப் பார்த்தான்; உள்ளே கறுப்புப் பிசின் ஊற்றி அடைத்திருந்தது. அவன் சோர்ந்து நிற்கையில், வேலை முடிந்து வந்த தையல் யூனிட் இளைஞர் குனிந்து பார்த்து, "தம்பி, சக்கரத்துக்குள்ள இருக்கற மோட்டாரத் தொற. எங்க சர்வோ மாதிரித்தான் இருக்கும்" என்றார். இருவரும் சேர்ந்து திறந்தார்கள். காந்தங்களும் தாமிரச் சுருள்களுமாக இருந்த அதன் நடுவே, சக்கரத்தின் நிலையைச் சொல்லும் மூன்று சிறிய ஹால் சென்சார்களில் ஒன்று செத்திருப்பதை மீட்டர் காட்டியது. கடைக்கு ஆள் ஓடியது. ஒரு மணி நேரத்தில் பற்றவைத்து மூடி, ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைச் சுழலவிட்டார்கள். உதறலின்றி, ஓசையின்றிச் சுழன்றது.

ஓசையில்லையென்று நாங்கள் நினைத்தோம். அதுவரை ஓரமாய் நின்றிருந்த மேஸ்திரி அருகே வந்து, அந்த மரப்பிடித் திருப்புளியை எடுத்து, நுனியைச் சக்கரத்தின் அச்சில் ஊன்றி, பிடியைக் காதோடு அணைத்துக்கொண்டார். பையன்கள் இருவரும் மூச்சடக்கி நின்றார்கள்.

"எடது பக்கத்துப் பேரிங் கத்துது, கண்ணு. அதையும் மாத்திப்போட்டு மூடு" என்றார்.

பிறகு, திருப்புளியைப் பையன் கையில் கொடுத்து, கேட்கச் சொன்னார்.