வேன் லைட் மாற்றப் போகிறவர்களுக்கு எங்கள் வீட்டுக் கதை

 

லீவு வருகிறது. ஊரில் ட்ரிப் பேச்சு தொடங்கிவிட்டது. வேன் வைத்திருப்பவர்கள் கழுவித் துடைத்து, செட் பூட்டி, லைட் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். போன கிழமை மட்டும் மூன்று பேர் எங்களிடம் கேட்டார்கள், "சேர், உங்கட வேனுக்கு எல்ஈடி போட்டீங்க தானே, நல்லமா?" என்று. மூன்று பேருக்கும் வாயால் சொன்னதை எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடலாம் என்று நினைத்தோம். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் வேன் பழைய டொல்பின். நானாவும் நாங்களுமாகக் காசு போட்டு எடுத்தது. கிழமை நாட்களில் நானா அதில் ஸ்கூல் சேர்விஸ் ஓடுவார். சனி, ஞாயிறு ஹயர். வருடத்தில் ஒரு தடவை மட்டும் அது எங்கள் குடும்பத்து வேன். உம்மா, ராத்தா, பிள்ளைகள், சோற்றுப் பானை, பாய், தலையணை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ட்ரிப் போவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். வேன், கார் திரும்ப வருவதற்கு 2025 பெப்ரவரி ஆனது. அந்த ஐந்து வருடமும் எங்களைப் போன்றவர்கள் இருந்த வண்டியைத்தான் திருத்தித் திருத்தி ஓடினோம். லைட் மாற்றும் ஆசையும் அப்படி வந்ததுதான்.

முதலில் நல்ல பக்கத்தைச் சொல்கிறோம்.

ஒரு வருடம் பசறை, மொனராகலை வழியாக அறுகம்பேக்குப் போனோம். இரவு வேனிலேயே படுத்தோம். பிள்ளைகள் உள்லைட் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார்கள். சுபஹ் தொழுதுவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. விடியற்காலையில் மணலில் வேனைத் தள்ளிய தள்ளு இன்றைக்கும் இடுப்பில் இருக்கிறது.

கணக்கு மிகவும் லேசு. எங்கள் வேனின் கூரையில் ஆறு பல்ப். ஒன்று 10 வாட். மொத்தம் 60 வாட். 12 வோல்ட் பட்டரியில் அது 5 அம்பியர். எட்டு மணி நேரம் எரிந்தால் 40 அம்பியர் மணி. எங்கள் பட்டரியே 70 அம்பியர் மணிதான். பாதிக்கு மேல் போய்விட்டது. மேலே செட்டும் பாடியிருந்தது. பழைய பட்டரி. பிறகு எப்படி ஸ்டார்ட் ஆகும்?

வீட்டுக்கு வந்ததும் ஆறு பல்ப்பையும் கழற்றிவிட்டு 2 வாட் எல்ஈடி போட்டோம். மொத்தம் 12 வாட், ஒரு அம்பியர். இரவு முழுக்க எரிந்தாலும் எட்டு அம்பியர் மணிதான். வெளிச்சம் குறையவுமில்லை. பழைய பல்ப்பில் கம்பி சூடாகித்தான் வெளிச்சம் வரும். வாங்கிய மின்சாரத்தில் பெரும்பங்கு சூடாகவே வீணாகும். எல்ஈடியில் அந்த வீண் குறைவு. அவ்வளவுதான் இரகசியம்.

அந்த எல்ஈடி எங்களுக்கு ட்ரிப்பை விடப் பெரிய ஒரு வேளையிலும் கைகொடுத்தது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டியது யாருக்கும் மறந்திருக்காது. டீசல் இல்லாமல் வேன் வாசலில் நின்றது. நானா பட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்தார். கரண்ட் இருந்த நேரத்தில் சார்ஜ் போட்டு, இருட்டியதும் ஒரு எல்ஈடி பட்டியைக் கொழுவிவிட்டோம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அந்த வெளிச்சத்தில் எங்கள் மேசையைச் சுற்றி இருந்து பாடம் செய்தார்கள். மெழுகுதிரிக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் அலைந்த காலம் அது. அன்றிலிருந்து எல்ஈடி என்றால் எங்கள் வீட்டில் ஒரு தனி மதிப்பு.

அந்த மதிப்புதான் எங்களை ஏமாற்றியது. உள்ளே நல்லதாக இருந்தது வெளியேயும் நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டோம்.

ஒரு கடையில் ஹெட்லைட்டுக்கும் எல்ஈடி பல்ப் வாங்கினோம். "பழைய பல்ப்பைக் கழற்றிட்டு இதைப் பூட்டினாச் சரி, வேற ஒரு வேலையும் இல்ல" என்றார்கள். பூட்டினோம். அன்று இரவு நானா சந்தோசத்தில், "பகல் மாதிரி ஈக்கி!" என்றார். எங்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது. எதிரே வந்த சிலர் லைட்டை அடித்துக் காட்டினார்கள். டிம்மில் தானே வருகிறோம், இவர்களுக்கு என்ன வந்தது என்று நாங்கள்தான் அவர்களை ஏசினோம்.

ஒரு சனிக்கிழமை எல்ல பக்கம் ஹயர் போய்விட்டு நமுனுகுல வழியாகப் பசறைக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். இஷா நேரம் தாண்டிவிட்டது. அந்தப் பாதையில் மூட்டம் எப்படி இறங்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு பக்கமும் தேயிலை, ஒரு பக்கம் கான், மறுபக்கம் பள்ளம். ஒரு வளைவில் திரும்பியபோது எதிரே ஒரு த்ரீவீல். எங்கள் வெளிச்சம் அதில் பட்டதும் அது தடுமாறி ஓரத்துக்குப் போனது. முன் சில்லு கானுக்குள் இறங்கி, வண்டி சாய்ந்து நின்றது.

ஓடிப்போய்ப் பார்த்தோம். ஓட்டியவர் தோட்டத்தில் வேலை செய்பவர். எங்கள் பாடசாலையில் ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளையின் அப்பா. பின்னால் அம்மாவும் அந்தப் பிள்ளையும் இருந்தார்கள். பிள்ளையின் நெற்றி கம்பியில் இடித்து வீங்கியிருந்தது. அல்லாஹ்வின் காவல், வேறு ஒன்றும் இல்லை. கான் பக்கம் போனதால் தப்பினார்கள். மறுபக்கம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதும் எங்களால் எழுத முடியவில்லை.

அவர் ஏசியிருந்தால் மனசு லேசாகியிருக்கும். அவர் எங்களை அடையாளம் கண்டதும் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக்கொண்டு, "உங்க வேனா சேர்? ஒண்ணும் தெரியல சேர். எல்லாம் வெள்ளையாப் போச்சு" என்றார். பிழை தன்னுடையது போலச் சொன்னார். எல்லோருமாகச் சேர்ந்து த்ரீவீலைத் தூக்கி ரோட்டில் வைத்தோம்.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளை நெற்றியில் பிளாஸ்டரோடு வகுப்புக்கு வந்தது. "சேர், உங்க வேன் லைட்டு சூரியன் மாதிரி சேர்" என்றது. வகுப்பே சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்கள். கல்வியியற் கல்லூரியில் ஒளிப் பாடத்துக்கு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டியவர்கள். குழிவாடியின் குவியத்தில் விளக்கை வைத்தால் கதிர்கள் சமாந்தரமாகப் போகும், விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினால் கதிர்களின் போக்கு மாறும் என்று மேல் வகுப்புகளுக்கு வருடா வருடம் படம் வரைந்து காட்டுகிறோம். அந்தப் படம்தான் எங்கள் வேனின் முன்னால் இருக்கிறது என்பது ஒரு பிள்ளையின் நெற்றி வீங்கும் வரை எங்களுக்கு உறைக்கவில்லை.

அன்று மஃரிபுக்குப் பிறகு நானாவும் நாங்களும் வேனை ஒரு வெள்ளை மதிலுக்கு முன்னால், 25 அடி தள்ளி, சமதரையில் நிறுத்தினோம். ஒரு பக்கம் எல்ஈடி, மறுபக்கம் பழைய ஹலஜன் பல்ப். டிம்மில் போட்டோம். ஹலஜன் பக்கம் மதிலில் ஒரு கோடு தெளிவாகத் தெரிந்தது. கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. எல்ஈடி பக்கம் கோடே இல்லை. மதிலின் உச்சி வரைக்கும் வெள்ளை. நானா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "எதிர்ல வாறவன்ட முகத்துக்கு நேரே அடிச்சிக்கொண்டு வந்திருக்கோம்" என்றார்.

காரணம் இதுதான். நம்முடைய பழைய வேன்களில் இருப்பது எச்4 பல்ப். அதற்குள் இரண்டு கம்பிகள். ஃபுல் லைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம் கம்பியின் கீழே சின்னத் தகட்டுக் கிண்ணம் ஒன்று இருக்கும். அது கீழ்ப்பக்கம் போகும் வெளிச்சத்தை மறைக்கும். மேல் பாதிக் கண்ணாடியில் மட்டும் வெளிச்சம் பட்டு ரோட்டை நோக்கி இறங்கும். கம்பி எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று மில்லிமீற்றர் கணக்கில் பார்த்துத்தான் அந்த லைட்டைச் செய்திருக்கிறார்கள். மலிவான எல்ஈடி பல்ப்பில் சில்லுகள் அதே இடத்தில், அதே வடிவில் இருப்பதில்லை. வெளிச்சம் கண்டபடி சிதறி மேலே ஏறுகிறது. தொழிற்சாலையிலேயே எல்ஈடியோடு வரும் புது வாகனங்களின் கதை வேறு. அங்கே கண்ணாடியும் வில்லையும் எல்ஈடிக்கென்றே செய்யப்பட்டவை.

மூட்டத்தில் இது இன்னும் மோசம். மூட்டம் என்றால் காற்றில் நிற்கும் சின்னச் சின்ன நீர்த்துளிகள். மேலே போகும் வெளிச்சம் அவற்றில் பட்டு நம் முகத்துக்கே திரும்பி வரும். முன்னால் வெள்ளைச் சீலை கட்டியது போல ஆகிவிடும். மஞ்சள் லைட் மூட்டத்தைத் துளைக்கும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். அந்தத் துளிகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் சிதறடிக்கும். மஞ்சள் கண்ணுக்குக் கூசாமல் இருக்கலாம். ஆனால் உண்மையில் உதவுவது, வெளிச்சம் தாழ்வாக இருந்து தாழ்வாகவே போவதுதான்.

கண் கூசிய ஒருவருக்குப் பார்வை திரும்பச் சில வினாடிகள் எடுக்கும். வயது போனவர்களுக்கு இன்னும் கூட. 40 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வண்டி வினாடிக்கு 11 மீற்றர் ஓடும். மூன்று வினாடி என்றால் 33 மீற்றர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுவது போல. நமுனுகுலயிலோ, மடுல்சீமையிலோ, ஹப்புத்தளையிலோ 33 மீற்றருக்குள் வளைவே முடிந்துவிடுகிறது.

நம் ஊவாப் பாதைகள் பிழையை மன்னிக்காதவை. 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையில் நடந்தது நமக்குத் தெரியும். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில், தங்காலை நகர சபை ஊழியர்கள் ட்ரிப் வந்து திரும்பிய பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் மௌத்தானார்கள். இவை லைட்டால் நடந்தவை என்று சொல்ல வரவில்லை. நம் பாதை எப்படிப்பட்டது என்று நினைவூட்டத்தான் சொல்கிறோம். 2025 ஜனவரியில் பொலிசார் பஸ்களிலும் த்ரீவீல்களிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்றச் சொன்னபோது எங்கள் வீட்டிலும் முணுமுணுத்தோம். இப்போது அதில் பாதிக்காவது நியாயம் இருந்தது என்று தோன்றுகிறது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். எல்ஈடியால் நமக்குப் பெரிய இலாபம் எஞ்சின் நிற்கும்போதுதான். அப்போது பட்டரியைக் காப்பாற்றுகிறது. ஹெட்லைட் எரிவது எஞ்சின் ஓடும்போது. அல்டர்னேட்டர்தான் அந்தக் கரண்டைக் கொடுக்கிறது. ஆக, முன்னால் எல்ஈடி போட்டு நாங்கள் மிச்சம் பிடித்தது ஒன்றுமேயில்லை என்று சொல்லலாம். எங்களுக்குக் கிடைத்தது, நாங்கள் நன்றாகப் பார்க்கிறோம் என்ற சந்தோசம் மட்டும். அதற்கான விலையை எதிரே வந்தவர் கொடுத்தார்.

இப்போது எங்கள் வேனில் உள்ளே முழுக்க எல்ஈடி, முன்னால் நல்ல ஹலஜன். மங்கிப்போன லைட் கண்ணாடியைத் தேய்த்துத் துடைத்து, உயரத்தையும் சரி பார்த்தோம். பாதி வெளிச்சம் அந்தத் தூசிக்குள்தான் இருந்திருக்கிறது!

மாற்றப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக:

உள்லைட்டுக்குத் தாராளமாக எல்ஈடி போடுங்கள். கடும் வெள்ளை வேண்டாம், பெட்டியில் 3000கே என்று போட்டிருக்கும் இளமஞ்சள் எடுங்கள். பிள்ளைகள் தூங்குவார்கள், பூச்சியும் குறைவாக வரும்.

12 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேல் வரும். அதைத் தாங்கும் வாகன எல்ஈடிதானா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு அலங்காரப் பட்டியைக் கொண்டுவந்து ஒட்டினால் சீக்கிரம் எரிந்துபோகும்.

பட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடாமல் எந்த வயரையும் இழுக்க விடாதீர்கள். வயர் உரசித் தீப்பிடித்தால் வேனுக்குள் இருப்பது நம் பிள்ளைகள்.

ஹெட்லைட்டில் கை வைத்தவர்கள், ட்ரிப் போவதற்கு முன் ஒரு மதிலுக்கு நேரே நிறுத்திப் பாருங்கள். கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் கழற்றிவிடுங்கள்.

பாதையில் கிடக்கும் முள்ளை, கல்லை அகற்றுவதும் ஈமானில் சேர்ந்தது என்று சின்ன வயதில் மத்ரஸாவில் ஓதியவர்கள் நாங்கள். முள் என்றால் காலில் குத்துவது மட்டும்தான் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தோம்.

இந்தச் சனிக்கிழமை மஃரிபுக்குப் பிறகு எங்கள் வீட்டு மதிலுக்கு முன்னால் வேனைக் கொண்டுவாருங்கள். த்ரீவீல், மோட்டார் சைக்கிளும் வரலாம். நானா ஸ்க்ரூ ட்ரைவரோடு நிற்பார். செலவில்லை, பிளேன்டியும் உண்டு. அந்தப் பிள்ளையின் அப்பாவையும் வரச் சொல்லியிருக்கிறோம். அவருடைய த்ரீவீலில் ஒரு பக்க லைட் எரிவதில்லையாம். முதலில் அதைத்தான் செய்யப் போகிறோம்.

எல்லோருடைய பயணமும் ஸலாமத்தாக முடிய துஆ செய்வோம். வேன் வைத்திருக்கும் உங்கள் சொந்தக்காரர் ஒருவருக்காவது இதைக் காட்டுங்கள்.