சி ஷிஃப்டும் பத்து வாரக் குட்டியும்

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகும் வழியில் ஒரு மாடி வீடு. கதவைத் திறந்ததுமே ஃபினாயில் வாடை. கூடத்து மூலையில் பத்து வார ராஜபாளையம் குட்டி, ஜன்னல் கம்பியில் கயிறு. "ஒரு வாரம் ஒழுங்கா வெளிய போச்சுண்ணே. இந்த வாரம் எல்லாத்தையும் மறந்துடுச்சு" என்றார் வீட்டுக்காரத் தம்பி. குட்டி எதையும் மறக்கவில்லை. தம்பிக்குத்தான் ஏ ஷிஃப்ட் முடிந்து பி ஷிஃப்ட் வந்திருந்தது.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் வந்தது. இடையிலும் பின்னாலும் உதிரிபாகக் கம்பெனிகள். இந்தப் பக்கத்து வாடகை வீடுகளில் விளக்கு எரியும் நேரத்தை வைத்தே உள்ளே இருப்பவர் எந்த ஷிஃப்ட் என்று சொல்லிவிடலாம். ஏ ஷிஃப்ட் காலை 6, பி மதியம் 2, சி இரவு 10. நானும் பதினோரு வருஷம் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய்வந்தவன். இப்போது நாய் பழக்குகிறேன். என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் அதே பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள்.

பிறந்து மூன்று வாரம் வரை குட்டி தானாக மூத்திரம் போகாது. தாய் நக்கிவிட வேண்டும். சுத்தம் செய்வதும் அவளே. கால் ஊன்றி நடக்க ஆரம்பித்ததும், படுத்த இடத்தை விட்டுத் தள்ளிப் போய்த்தான் குந்தும். இதை யாரும் சொல்லித்தருவதில்லை. 'இது நான் படுக்கிற இடம்' என்ற அந்த எண்ணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வீடு முழுக்கப் பரப்புவதுதான் என் வேலை. கூண்டில் தொடங்கி, கூண்டு இருக்கும் அறை, பிறகு கூடம், கடைசியில் அடுப்படி. ஒரே நாளில் வீடு முழுவதையும் திறந்துவிட்டால், குட்டிக்கு வீட்டின் அந்தக் கோடி வேறு ஊர் மாதிரி. அங்கே போய்க் குந்தும்.

கூண்டு என்றதும் முதலில் எதிர்ப்பது வீட்டுப் பெரியவர்கள்தான். "ஏம்ப்பா, பச்சப் புள்ளைய ஜெயில்ல போடச் சொல்றியே?" என்று ஒரு பாட்டி என்னிடம் கண்கலங்கிக் கேட்டிருக்கிறார். அவர் பயம் பொய்யல்ல. காலை ஐந்தரைக்குப் பூட்டிவிட்டு மூன்று மணிக்கு வந்து திறக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அது ஜெயில்தான். வேறு வழியில்லாமல் படுத்த இடத்திலேயே போக நேர்ந்த குட்டிக்கு அந்தக் கூச்சம் போய்விடும். பிறகு அதைத் திருப்பிக் கொண்டுவர மாதக்கணக்கில் பாடுபட வேண்டும். பகலில் எத்தனை மணி நேரம் அடக்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: மாத வயதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். அதுவும் தூங்கினால்தான். விளையாடும்போது அரை மணிக்கு ஒருமுறை தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தின்று முடித்த கால் மணி நேரத்தில் வயிறு தானாகத் தள்ளும்.

பெரிய ஜாதிக் குட்டிகளில் இன்னொரு சிக்கல். ராஜபாளையம் வளர்ந்தால் தோள் உயரம் இரண்டடியைத் தாண்டும். அந்த உயரத்துக்கு இப்போதே கூண்டு வாங்கி வைத்தால், குட்டி ஒரு மூலையில் படுத்து இன்னொரு மூலையில் போகும். நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க, அவ்வளவு இடம் போதும். அதனால் உள்ளே ஒரு தடுப்புத் தகடு வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பின்னால் தள்ளுவேன். இங்கே வெல்டிங் பட்டறைக்குப் பஞ்சமில்லை. பற்றவைத்த முனைகளை உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்து, உறுத்தாத வரை ராவச் சொல்வேன். கழுத்துப் பட்டையைக் கழற்றாமல் எந்தக் குட்டியையும் உள்ளே விடமாட்டேன். கம்பியில் மாட்டினால் உயிர் போய்விடும்.

ஆரம்பத்தில் நான் பைன் மரப் பெட்டிகளில் கூண்டு செய்து கொடுத்தேன். வெளிநாட்டிலிருந்து இயந்திரங்கள் வந்து இறங்கும் பெட்டிகள் சாலையோரக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். பலகையில் குத்தியிருக்கும் முத்திரையைப் பார்த்து எடுக்க வேண்டும். எச்.டி. என்றால் பூச்சி சாவதற்காகச் சூடாக்கிய மரம், எம்.பி. என்றால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, அதைத் தொடக்கூடாது. நல்ல மரமாகத்தான் பொறுக்கினேன். ஆனால் பைன் ஈரத்தை உறிஞ்சும். ஒரு லாப்ரடார் குட்டி ஒரே ஒரு ராத்திரி தவறவிட்டது. மறுநாள் எவ்வளவு தேய்த்தும் அதன் மூக்குக்கு அந்தப் பலகை கழிப்பிடமாகிவிட்டது. தவறு குட்டியுடையது என்று இரண்டு வாரம் அதை அலைக்கழித்தேன். அது இன்னும் உறுத்துகிறது. பிறகு அடியில் கழுவித் துடைக்கும் தட்டு இல்லாத எதையும் செய்யவில்லை. ஃபினாயிலையும் அப்போதே நிறுத்தினேன். அது நம் மூக்கை மூடுமே தவிர, அடியில் இருக்கும் வாடை நாய்க்குத் தெரிந்துகொண்டேதான் இருக்கும். என்சைம் கலந்த திரவத்தை ஊற்றி, அவசரப்பட்டுத் துடைக்காமல் ஊறவிட வேண்டும்.

வெளியே எங்கே கொண்டுபோவது என்பது இங்கே சுலபமான கேள்வியல்ல. தெருவெல்லாம் நாய்கள், பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். தடுப்பூசித் தவணைகள் முடியக் குட்டிக்குப் பதினாறு வாரமாவது ஆகிவிடும். அதுவரை மொட்டைமாடியில் மணல் நிரப்பிய ஒரு தட்டு. எப்போதும் அதே தட்டு, அதே மூலை. போய்க்கொண்டிருக்கும்போதே "உச்சா" என்று மெல்லச் சொல்லி, முடித்த கையோடு வாயில் ஒரு துண்டு அவித்த கோழி. உள்ளே வந்த பிறகு கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் கூலி என்று நினைத்துக்கொள்ளும்.

வல்லக்கோட்டைக் குட்டியிடம் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தூங்கும்போது அதன் முதுகுக்குப் பின்னால் நின்று, காற்று படாமல் சாவிக்கொத்தைக் குலுக்கினேன். அசையவில்லை. வெள்ளை ராஜபாளையத்தில் காது கேளாமை உண்டு. முடியின் நிறத்துக்குக் காரணமான செல்கள் உட்காதிலும் தேவை, அங்கே அவை இல்லாமல் போனால் சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடும். வெள்ளைதான் வேண்டும் என்று தேடித் தேடி வாங்குகிறோம், அந்த வெள்ளைக்குக் குட்டி கொடுக்கும் விலையை யாரும் நம்மிடம் சொல்வதில்லை. தம்பி வீட்டில் "உச்சா" எதற்கும் உதவாது என்று ஆயிற்று. உள்ளங்கையைத் தரையைப் பார்த்துக் காட்டுவதை அடையாளமாக வைத்தோம். ராத்திரி எழுப்பக் கூண்டின் தட்டில் இரண்டு தட்டு; அதிர்வு அதற்குப் போதும்.

அதற்குப் பிறகுதான் ஷிஃப்ட் பிரச்சினைக்கு வந்தோம். கம்பெனியில் எங்களுக்குப் போகா-யோகே என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். பாகத்தைத் தலைகீழாக வைத்தால் பொருந்தவே பொருந்தாதபடி அச்சை அமைப்பது. தப்பு செய்தவனைத் திட்டுவதை விட்டுத் தப்புக்கு வழியே இல்லாமல் செய்வது. குட்டி வளர்ப்பில் இதைவிட எனக்கு உதவியது வேறில்லை. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினேன். மேலிருந்து கீழாகக் குட்டியின் நேரங்கள்: 5, 7, 10, 1, 4, 7, 10, இரவு 2. இவை எந்த வாரத்திலும் மாறாது. எதிரே ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் யார் பொறுப்பு என்று பெயர். தம்பி சி ஷிஃப்ட் போகும் வாரம் இரவு 2 மணிக் கட்டத்தில் அவர் மனைவி பெயர். மற்ற வாரங்களில் தம்பி பெயர். போனதா இல்லையா என்று ஒரு டிக். தவறினால் நேரத்தையும் குறிக்கச் சொன்னேன். மூன்றாம் வாரம் தாளைப் பார்த்தபோது, தவறிய நாலு முறையில் மூன்று, ஷிஃப்ட் மாறும் ஞாயிற்றுக்கிழமைகளில். அன்று யாருமே பொறுப்பாக இல்லை. ஞாயிறுக்குத் தனிக் கட்டம் போட்டோம்.

கூண்டுக்குள் போகவே ஐந்து நாள் எடுத்துக்கொண்டோம். முதலில் கதவே இல்லை. சோற்றுத் தட்டு உள்ளே. பிறகு சாத்திய கதவு, அரை நிமிஷம். அழும்போது திறக்கக்கூடாது என்று பலர் கறாராகச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். இரவு இரண்டு மணிக்குப் பத்து வாரக் குட்டி அழுதால் அதற்கு முட்டுகிறது என்றே எடுத்துக்கொள்வேன். தூக்கிப் போய்த் தட்டில் விட்டு, விளையாட்டுக் காட்டாமல் திரும்பப் படுக்கவைக்க வேண்டும். கூண்டு நம் கட்டில் பக்கத்திலேயே இருந்தால் பாதி அழுகை இருக்காது. தகர ஷெட்டிலும் மொட்டைமாடி அறையிலும் வைக்கவே கூடாது. மே மாத வெயிலில் உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும்.

போன மாதம் வல்லத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். இருவரும் ஒரே செல்போன் கம்பெனி, பெரும்பாலும் ஒரே ஷிஃப்ட். கிரேட் டேன் குட்டிக்கு முன்பணம் கொடுக்கப் போவதாகச் சொன்னார்கள். இப்போது வேண்டாம் என்றேன். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. நேற்று அவளே கூப்பிட்டாள். "அண்ணா, ஹவுஸ் ஓனர் அத்தைகிட்ட பேசிட்டேன். காலைல பத்துக்கும் ஒரு மணிக்கும் அவங்க வந்து தூக்கிட்டுப் போறாங்களாம். அந்தத் தாளை வந்து போட்டுத் தர்றீங்களா?" ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அத்தைக்கு மாடிப்படி ஏற முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.